அடுப்படிக்கு தோட்டத்து மருந்து வேண்டாமே!

பொட்டிபுரம்னாலே நிறையப் பேருக்கு நியூட்ரினோதான் ஞாபகம் வரும். மலையைக் குடையற அந்த ஆராய்ச்சியைப் பத்தி ஆளாளுக்கு எழுதியாச்சு. நான் சொல்ல வர்றது அடுப்படியில செய்ய வேண்டிய ஆராய்ச்சி. கரப்பான்பூச்சி ஆராய்ச்சி! சிரிக்காதீங்க மக்களே, விஷயம் கொஞ்சம் சீரியஸ்.

போடி, பொட்டிபுரம் பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு மலையேறிப் போறவங்களுக்குப் பூச்சிமருந்து புதுசு இல்லை. அதனாலேயே ஒரு நினைப்பு: முன்னாடி தோட்டத்துக்கு அடிச்சு மிஞ்சின குயினால்பாஸைக் கரப்பானுக்கும் அடிச்சா என்ன? கூடவே கூடாதுங்க. அது நரம்பைத் தாக்கற மருந்து. தோல் வழியாவும் உடம்புக்குள்ள போகும். 2013 ஜூலையில் பீகாரில் மதிய உணவு சாப்பிட்ட 23 பள்ளிக் குழந்தைகள் செத்துப் போனாங்களே, அந்த உணவில் கலந்திருந்தது மோனோகுரோட்டோபாஸ். அதுவும் வயலுக்கு அடிச்ச மருந்துதான். வயல் மருந்து சமையல்கட்டு வரைக்கும் வந்தா என்ன ஆகும்னு இதுக்கு மேல சாட்சி வேணுமா?

அப்ப என்னதான் வழி? ஜெல். 0.05 சதவீத பிப்ரோனில், இல்லேன்னா 2.15 சதவீத இமிடாக்ளோப்ரிட் கலந்த இரை, ஊசிக்குழாயில் கிடைக்குது. காத்துல பறக்காது. கதவுக் கீல், சிங்க் அடி, பிரிட்ஜ் பின்பக்கம்னு இடுக்குகளில் பொட்டுப் பொட்டா வைக்கணும், அவ்வளவுதான். தின்ன பூச்சி பதுங்கின இடத்துக்குப் போய்ச் சாகும். அதோட எச்சத்தைத் தின்கிற குஞ்சுகளும் சாகும்.

நம்ம ஜனங்களுக்கு இதுல ஒரு குறை. நெடி இல்லை, உடனே மல்லாந்து விழலை, அதனால 'மருந்து வேலை செய்யலை'ன்னு முடிவு கட்டிடறாங்க. 2019-ல் அமெரிக்காவின் வட கரோலினாவில் குடியிருக்கிற வீடுகளிலேயே சோதிச்சுப் பார்த்தாங்க. வீடு பூரா புகை கக்கற 4 வகை டப்பாக்களால் கரப்பான் குறையலை. மருந்துதான் தரையிலயும் மேடையிலயும் படிஞ்சது. ஜெல் வெச்ச வீடுகளில் நல்லாவே குறைஞ்சது.

அதுக்காக ஜெல்லைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பச் சொல்லலை. இரையில் சேர்க்கிற குளுக்கோஸையே ஒதுக்கற கரப்பான்கள் இருக்குன்னு ஜூல்ஸ் சில்வர்மேன் 1993-லயே எழுதிட்டார். அதுங்க நாக்குக்கு இனிப்பு கசக்குதுன்னு 2013-ல் காரணமும் கண்டுபிடிச்சாங்க. பேரு 'ஜெர்மன் கரப்பான்', ஆனா சுமார் 2100 வருஷம் முன்னாடி இந்தியா அல்லது மியான்மர் பக்கம் உருவானதுன்னு 2024 மரபணு ஆய்வு சொல்லுது. நம்மூர்க்காரன், லேசுப்பட்டவன் இல்லை!

அதனால நீங்களே சோதிங்க. ஜெல் வைக்கறதுக்கு முன்னாடி மூணு ராத்திரி ஒட்டுற அட்டையை வெச்சு, எத்தனை மாட்டுதுன்னு எழுதி வைங்க. ஜெல் வெச்சு ரெண்டு வாரம் கழிச்சு அதே இடத்துல, அதே மூணு ராத்திரி. எண்ணிக்கை குறைஞ்சா சரி. குறையலை, ஆனா ஜெல் காலியாயிருக்குன்னா, வெச்சது பத்தலை. காயாத ஜெல்லையே தொடலைன்னா, வேற மருந்து, வேற இரை உள்ள ஜெல்லுக்கு மாறுங்க. நடுவுல ஸ்பிரே மட்டும் அடிச்சுடாதீங்க, அப்புறம் எதுவும் ஜெல் பக்கம் வராது.

செத்து விழுந்ததை எண்ணாம, மிச்சம் இருக்கறதை எண்ணணும். இதுதான் என் கட்சி. பூச்சி ஒழிஞ்சுதான்னு அட்டை சொல்லும். தரையில படிஞ்ச விஷத்தை எந்த அட்டையும் சொல்லாது, அதுல தவழற பிள்ளைக்கும் சொல்லத் தெரியாது.

டிஸ்கி: ஜெல்லும் விஷம்தான். பிள்ளைங்க கைக்கு எட்டாம வைங்க. சாக்கடை வழியா வர்ற பெரிய கரப்பானுக்கு முதல் மருந்து, ஓட்டைக்கு ஒரு ஜாலி மூடி! உங்க வீட்டுக் கணக்கைப் பின்னூட்டத்துல போடுங்க.