பொதி சுமக்கும் விமானிக்கு உறக்கம் வேண்டாமா?

ஒரே ஆகாயம், ஒரே இருள், ஒரே ஓடுபாதை. ஆயினும் ஐக்கிய அமெரிக்காவின் சட்டம் அங்கே இருவகை மனிதரைக் காண்கிறது. பயணிகளை ஏற்றிச் செல்லும் விமானிக்குக் களைப்பு உண்டாம். பொதிகளை ஏற்றிச் செல்லும் விமானிக்குக் களைப்பே இல்லையாம்! இந்த விந்தையைக் கண்டுபிடித்தவர் வைத்தியர் அல்லர். கணக்குப் புத்தகத்தோடு அமர்ந்திருந்தவர்களே.

நடந்ததைக் கூறுவோம். 2009 பெப்ரவரி 12 ஆந் திகதி இரவு, பஃபலோ நகருக்கு அண்மையில் ஒரு சிறிய பயணி விமானம் வீடொன்றின் மீது வீழ்ந்தது. 50 பேர் மாண்டனர். விமானிகளின் களைப்பும் அவர்கள் பெற்ற அற்பச் சம்பளமும் அந்நாட்டை உலுக்கிய கேள்விகளாயின. 2010 இல் காங்கிரஸ் சட்டம் இயற்றியது. 2011 டிசெம்பரில் புதிய விதி பிறந்தது. 2014 சனவரியில் நடைமுறைக்கு வந்தது. பயணி விமானியின் கடமைநேரம், அவர் வேலை தொடங்கும் வேளையைப் பொறுத்து, 9 முதல் 14 மணித்தியாலம். அடுத்த கடமைக்கு முன் 10 மணித்தியால ஓய்வு. அதில் 8 மணித்தியாலம் தடையின்றி உறங்க வாய்ப்பு. நல்ல விதி, எவரும் குறைகூறார்.

ஆனால் சரக்கு விமானங்களுக்கு விலக்கு! அங்கே பழைய விதியின்படி இரு விமானிகளை 16 மணித்தியாலம் வரை கடமையில் வைத்திருக்கலாம். கொம்பனிகள் விரும்பினால் புதிய விதியை ஏற்கலாமாம். விரும்பினால்! ஆட்டுப்பட்டிக்கு வேலி வேண்டுமா என்று ஓநாயிடம் கேட்பதற்கும் இதற்கும் என்ன வேற்றுமை?

செலவு மிகுதி, பலன் குறைவு என்பதே அதிகாரசபை காட்டிய காரணம். பயணி விமானம் வீழ்ந்தால் நூற்றுக்கணக்கானோர் இறப்பர். சரக்கு விமானம் வீழ்ந்தால் ஓரிருவரே. அந்த ஓரிருவருக்காக இத்தனை கோடி டொலரா என்பதே அக்கணக்கின் சாரம். ஆனால் சரக்கு விமானம் பெரும்பாலும் பறப்பது உடல் உறக்கத்தை வேண்டி நிற்கும் நள்ளிரவிலல்லவா? ஓய்வு மிகவும் தேவையானவருக்கே ஓய்வு மறுக்கப்படுகிறது. உழவு மாட்டையும் உச்சிவெயிலில் நுகத்திலிருந்து அவிழ்த்து நிழலில் கட்டுவான் நம் கமக்காரன். அந்தக் கருணைகூட வொஷிங்டனில் கிட்டவில்லை.

2013 ஓகஸ்ட் 14 ஆந் திகதி விடியுமுன், யூ.பி.எஸ். சரக்கு விமானமொன்று அலபாமா மாநிலத்துப் பேர்மிங்காம் நகரில் ஓடுபாதையை எட்டுமுன் தரையில் மோதியது. இரு விமானிகளும் மாண்டனர். சரக்கு விமானிகள் ஓய்வு விதியிலிருந்து விலக்கப்பட்டதைப் பற்றி அவ்விருவரும் அன்றிரவு பேசிக்கொண்டதை விமானியறையின் ஒலிப்பதிவுக் கருவி காத்து வைத்திருந்தது. அவர்களின் கடமைநேரம் புதிய விதிக்கும் அமைந்ததே, துணை விமானி தம் ஓய்வு நேரத்தைச் சரிவரப் பயன்படுத்தவில்லை என்று மறுப்போர் கூறுவர். விசாரணை அவ்வாறு கண்டது உண்மையே. ஆனால் களைப்பும் இரவுவேலையும் விபத்துக்குத் துணைநின்றன என்று கண்டதும் அதே விசாரணைதான். முன்பாதியைப் படித்துப் பின்பாதியை மறைப்பது நேர்மையா? விமானிகளின் தொழிற்சங்கம் வழக்குத் தொடுத்தது; 2016 இல் நீதிமன்றமும் அதிகாரசபையின் பக்கமே நின்றது.

இது பெரிய கொம்பனிகளின் கதை. அங்கே வலிய சங்கமுண்டு, உயர்ந்த சம்பளமுண்டு. சிறிய கொம்பனிகளின் நிலை என்ன? பெரிய கொம்பனியின் பொதிகளைச் சிற்றூர்களுக்குக் கொண்டுசெல்ல, ஒற்றை இயந்திரச் செஸ்னா விமானத்தில் தன்னந்தனியே பறப்பவர் அவர். விடியுமுன் புறப்பட்டுச் சிற்றூரில் இறங்குகிறார். பகல் முழுவதும் அங்கே காத்திருக்கிறார். மாலையில் பொதிகளோடு திரும்புகிறார். அந்தக் காத்திருப்பு வேலையுமன்று, வீடுமன்று. கூலியோ பெரிய கொம்பனி விமானி பெறுவதில் ஒரு சிறு பங்கு.

குறை கேட்டால் கிடைக்கும் பதில் யாது? “உமக்குப் பறக்கும் அனுபவம் கிடைக்கிறதே!” பயணி விமானக் கொம்பனியில் சேர, பொதுவாக 1,500 மணித்தியாலப் பறப்பு வேண்டும். அந்த மணித்தியாலங்களையே சம்பளத்தின் ஒரு பகுதியாக எண்ணி, காசைக் குறைக்கிறார்கள். பறப்பதில் அவருக்குள்ள ஆசையையும் கணக்கில் கழித்துக் கொள்கிறார்கள். இடையில் விலகினால் பயிற்சிச் செலவைத் திருப்பிக் கொடு என்று ஒப்பந்தம் எழுதி வாங்கும் கொம்பனிகளும் உண்டு. இவ்வேலையை மனமார விரும்புவோர் இருக்கின்றனர், மறுக்கவில்லை. விருப்பத்தோடு உழைப்பவனுக்குக் கூலி குறைவு என்பது எந்தத் தேசத்துத் தர்மம்?

2022 இல் சிறிய பயணி விமானக் கொம்பனிகள் விமானிகள் போதாமல் தவித்தன. உடனே சம்பளத்தைப் பெருமளவு உயர்த்தின. இல்லை இல்லை என்ற பணம் அன்று எங்கிருந்து வந்தது? இருந்த பணம்தான், கேட்கும் பலம்தான் முன்பு இருக்கவில்லை.

இரு விமானிகள் செலுத்தும் பயணி விமானத்துக்கும் சரக்கு விமானத்துக்கும் ஐரோப்பிய ஒன்றியம் 2016 முதல் ஒரே ஓய்வு விதியை வைத்திருக்கிறது. அதனால் ஐரோப்பாவில் பொதிகள் பறக்காமல் நின்றுவிட்டனவா?

ஆகவே விலக்கு நீங்க வேண்டும். காத்திருக்கும் நேரத்துக்குக் கூலி வேண்டும். அனுபவத்தைக் காட்டிச் சம்பளத்தைக் குறைக்கும் வழக்கம் ஒழிய வேண்டும். பின்னால் இருப்பது மனிதரா பொதியா என்று விமானியின் கண்ணிமை பார்ப்பதில்லை; சட்டமும் பார்க்கலாகாது.