எடுக்க முடியாமல் போன அழைப்பு: போன் அப்டேட் பற்றி ஒரு டாக்டரின் புலம்பல்

கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையா படிங்க. வீட்டில் அறுபதைத் தாண்டிய பெரியவர்கள் இருந்தால் கட்டாயம் படிங்க.

மூணு வருஷம் முன்னாடி ஒரு சாயங்காலம். லேபிலிருந்து போன்.

"சார், காலையில எடுத்த சாம்பிள்ல பொட்டாசியம் 6.8 காட்டுது. ரெண்டு தடவை போட்டுப் பார்த்துட்டோம்."

ரத்தத்தில் பொட்டாசியம் சுமாராக 3.5 முதல் 5 வரை இருக்கணும். 6.5-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு எப்போது வேண்டுமானாலும் தாறுமாறாகலாம். வலி இருக்கணும்னு இல்லை. காய்ச்சல் இருக்காது. உட்கார்ந்து நல்லா பேசிக்கொண்டிருக்கும் ஆளுக்கு இதயம் சட்டென்று நின்றுவிடலாம். அதனால்தான் இப்படி ரிசல்ட் வந்தால் லேபே டாக்டரைக் கூப்பிடும், டாக்டர் நோயாளியைக் கூப்பிடணும்.

நோயாளி 71 வயது அம்மா. இதயம் பலவீனம். அதற்காகச் சாப்பிடும் மாத்திரைகளில் இரண்டு பொட்டாசியத்தை ஏற்றக்கூடியவை. போதாக்குறைக்கு முந்தின வாரம் நாலு நாள் பேதி. வீட்டில் தனியாக இருக்கிறார். மகனுக்கு வெளியூரில் ஷிப்ட் வேலை.

கூப்பிட்டேன். ரிங் போகுது, எடுக்கல. மறுபடி கூப்பிட்டேன். எடுக்கல. ஏழு தடவை. மகன் நம்பர் ஸ்விட்ச் ஆஃப்.

கடைசியில் அவர் தெருமுனையில் இருக்கும் மெடிக்கல் கடை ஞாபகம் வந்தது. கடைக்காரரிடம் விஷயத்தைச் சொன்னேன். கடைப் பையன் ஓடிப் போய்ப் பார்த்தால், அம்மா வாசல் படியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் போன். ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தார்கள். இ.சி.ஜி. ஏற்கெனவே மாறத் தொடங்கியிருந்தது. ஊசி மருந்துகள் போட்டு, ராத்திரி முழுக்க மானிட்டரில் வைத்து, மறுநாள் அளவு இறங்கியது. பிழைத்துக்கொண்டார்.

ரெண்டு நாள் கழித்து ரவுண்ட்ஸில் கேட்டேன்: "ஏம்மா, அத்தனை தடவை கூப்பிட்டேனே, ஏன் எடுக்கல?"

"அடிச்சுக்கிட்டேதான் இருந்துச்சு சார். எப்பவும் போல பச்சையைத் தொட்டேன். எடுக்க மாட்டேங்குது. அழுத்தி அழுத்திப் பார்த்தேன். நான்தான் ஏதோ கெடுத்துட்டேன் போலன்னு பயந்துபோய் கீழே வச்சுட்டேன்."

போனை வாங்கிப் பார்த்தேன். முந்தின நாள் ராத்திரி அப்டேட் ஆகியிருக்கிறது. அதுவரை பச்சை பட்டனைத் தொட்டால் கால் வரும். இப்போது பட்டன் பார்க்க அப்படியேதான் இருக்கு, ஆனால் தொட்டால் வராது, இழுக்கணும். அவ்வளவுதான் மாற்றம்.

பக்கத்தில் நின்ற மகன் சொன்னார், "அப்டேட் ஆயிருக்கும்மா. ரெண்டு நாள்ல பழகிடும்."

இந்தப் "பழகிடும்" என்ற வார்த்தையைப் பற்றித்தான் இந்தப் பதிவே.

2025 ஆகஸ்ட் உங்களுக்கு ஞாபகம் இருக்கும். காலையில் எழுந்து பார்த்தால் பலருடைய ஆண்ட்ராய்டு போனில் டயலரின் முகமே மாறியிருந்தது. கூகுளின் போன் ஆப்பைப் பயன்படுத்தும் போன்களில் எல்லாம் வந்த மாற்றம் அது. மேலே தள்ளினால் அட்டெண்ட், கீழே தள்ளினால் கட் என்றிருந்தது, வலது பக்கம் தள்ளினால் அட்டெண்ட், இடது பக்கம் தள்ளினால் கட் என்று ஆனது. ஃபேவரிட்ஸும் பழைய கால்களின் பட்டியலும் ஒரே பக்கத்துக்குள் போயின. போனின் சிஸ்டம் அப்டேட் கூட இல்லை, ஆப் தானாக அப்டேட் ஆனது. "நான் எதையும் தொடவே இல்லையே, போன் ஹேக் ஆயிடுச்சா?" என்று சோஷியல் மீடியா முழுக்க ஒரே கேள்வி.

அதற்கு வந்த பதில்களைக் கவனித்தீர்களா? பாதிப் பேர் "ஆமா, எனக்கும்". மீதிப் பேர் "இதுக்கெல்லாமா புலம்புவீங்க, பழகிடும் பாஸ்".

நியாயமாகச் சொல்லணும்னா, அந்த மாற்றத்துக்கு ஒரு காரணம் இருந்தது. பாக்கெட்டிலிருந்து போனை எடுக்கும்போது கை பட்டு கால் தானாக அட்டெண்ட் ஆவதும் கட் ஆவதும் நடக்கிறது, அதைக் குறைக்கத்தான். காரணம் சரியாகவே இருக்கலாம். ஆனால் மருந்தை மாற்றும்போது காரணம் சரியாக இருந்தால் மட்டும் போதும் என்று எங்கள் தொழிலில் யாரும் சொல்வதில்லை. நோயாளியிடம் சொல்லிவிட்டுத்தான் மாற்றணும்.

ஒரு உதாரணம். அமெரிக்காவில் மாரடைப்பு வந்து வீடு திரும்பியவர்களை வைத்து ஒரு ஆய்வு, 2014-ல் ஆனல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் வந்தது. அதே மருந்து, அதே அளவு. கம்பெனி மாறியதால் மாத்திரையின் நிறமோ வடிவமோ மட்டும் மாறியது. நிறம் மாறியபோது நோயாளி அந்த மருந்தை நிறுத்திவிடும் வாய்ப்பு 34 சதவீதம் கூடியது. வடிவம் மாறியபோது 66 சதவீதம். உள்ளே இருக்கும் மருந்து ஒரு துளி மாறவில்லை. இது என் கிளினிக்கில் வாரா வாரம் நடக்கிறது. "வெள்ளை மாத்திரைக்குப் பதிலா ரோஸ் கொடுத்துட்டாங்க சார், அதான் போடல." இவர்களை முட்டாள் என்று சொல்வோமா? பழகிய அடையாளத்தை நம்பித்தான் அவர்கள் உயிரோடு இருக்கிறார்கள்.

போனும் அப்படித்தான். நாம் போனைப் "படித்து" பயன்படுத்துவதில்லை, கை பயன்படுத்துகிறது.

ஹென்றி மோலைசன் என்றொருவர். வலிப்புக்காக 1953-ல் மூளை அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பிறகு புதிதாக எதையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியாமல் போயிற்று. கண்ணாடியில் பார்த்து நட்சத்திரம் வரையச் சொல்லி பிரெண்டா மில்னர் என்ற உளவியலாளர் அவருக்குப் பயிற்சி கொடுத்தார். தினமும் "இதை நான் வரைந்ததே இல்லை" என்பார். ஆனால் அவர் கை நாளுக்கு நாள் நன்றாக வரைந்தது. அதாவது கைப் பழக்கத்தின் ஞாபகம் மூளையில் தனி இடத்தில் இருக்கிறது. மறதி நோய் ஆரம்பித்த பல பெரியவர்கள், நேற்று யார் வந்தார் என்பதை மறந்தாலும் போனை எடுத்துப் பேசிவிடுவது இதனால்தான். பட்டனின் இடத்தை மாற்றினால் அவரிடம் மிச்சமிருக்கும் அந்த ஒன்றையும் பிடுங்கியது போல. புதிதாகப் பழக, போய்க்கொண்டிருக்கும் அந்த இன்னொரு ஞாபகம் அல்லவா வேணும்?

இதோடு கண்புரை இருந்தால் வெளிர் நிறத்தின் மேல் வெளிர் எழுத்து தெரியாது. கை நடுக்கம் இருந்தால் "இழு" என்பது "தொடு" ஆகிவிடும். வயதானவர்களின் விரல் நுனி வறண்டு போய், தொடுதிரை பல நேரம் உணரவே உணராது. உங்கள் இருபத்தைந்து வயது விரலை வைத்து "ஈஸியாத்தானே இருக்கு" என்று தீர்ப்பு சொல்லாதீங்க.

வயசானவங்க மட்டும்தானா? இல்லை. 2013 செப்டம்பரில் ஆப்பிள் ஐஓஎஸ் 7 வெளியிட்டது. திறக்கும்போதும் மூடும்போதும் திரை ஜூம் ஆகும், பின்னணிப் படம் அசையும். சிலருக்குத் தலைசுற்றல், குமட்டல். முதலில் பலரும் சிரித்தார்கள். ஆனால் காதுக்குள் இருக்கும் சமநிலை உறுப்பு "நீ அசையவில்லை" என்று சொல்ல, கண் "அசைகிறாய்" என்று சொன்னால் குமட்டும். பஸ்ஸில் புத்தகம் படித்தால் வாந்தி வருவதும் இந்த முரண்பாட்டால்தான். அடுத்த மாதமே 7.0.3-ல் அந்த ஜூமை நிறுத்தும் வசதி வந்தது. போன வருடம் ஐஓஎஸ் 26-ல் கண்ணாடி போன்ற டிசைன் வந்து, எழுத்து படிக்க முடியவில்லை என்று மக்கள் கத்த, 26.1-ல் கண்ணாடியை மங்கலாக்கிக்கொள்ளும் ஆப்ஷன் வந்தது. ஆக, புலம்பினால் நடக்கிறது. "பழகிடும்" என்று எல்லாரும் வாயை மூடியிருந்தால் இது ரெண்டுமே வந்திருக்காது.

இப்போ எனக்கு உண்மையிலேயே பயமான விஷயத்துக்கு வருகிறேன்.

இப்படி ஒரு தடவை அடிபட்ட குடும்பம் என்ன செய்கிறது? ஆட்டோ அப்டேட்டை மொத்தமாக ஆஃப் செய்துவிடுகிறது. அந்த அம்மாவின் மகனும் அதைத்தான் செய்தார். நானாக இருந்தாலும் செய்திருப்பேன். ஆனால் அதே அப்டேட்டில்தான் பாதுகாப்பு ஓட்டைகளை அடைக்கும் விஷயமும் வருகிறது. பென்ஷன் வரும் பேங்க் ஆப்பும் யுபிஐயும் அந்தப் போனில்தான். கசப்பு மருந்தையும் கலர் பூச்சையும் ஒரே பாட்டிலில் ஊற்றிக் கொடுத்தால், கலர் பிடிக்காதவர் மருந்தையும் சேர்த்துக் கொட்டுகிறார்.

இன்னொன்று. வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை, டிராஃபிக் அபராதம் என்று ஏபிகே ஃபைல் அனுப்பிப் பணத்தைச் சுருட்டும் கும்பல்கள் திரிகிற காலம் இது. "போன் திடீர்னு வேற மாதிரி தெரிஞ்சா சந்தேகப்படுங்க" என்று பெரியவர்களுக்கு நாம் சொல்லிக்கொடுக்கிறோம். நிஜ கம்பெனியே சொல்லாமல் கொள்ளாமல் மாற்றினால், எது அப்டேட், எது திருட்டு என்று அவர் எப்படிப் பிரித்தறிவார்?

நான் மாற்றமே கூடாது என்று சொல்லவில்லை. வால்பேப்பரை மாற்றுங்க, ஐகானை உருட்டுங்க, என்னவோ பண்ணுங்க. கால் எடுப்பது, கட் செய்வது, அலாரம் நிறுத்துவது, அவசர அழைப்பு, இந்த நாலில் மட்டும் கேட்காமல் கை வைக்காதீங்க. முதல் தடவை பெரிய எழுத்தில், அவரவர் மொழியில், "பழைய மாதிரியே இருக்கட்டுமா?" என்று கேளுங்க. பதில் சொல்லாவிட்டால் பழையதையே விடுங்க. ஆபரேஷனுக்கு நோயாளியின் கையெழுத்து இல்லாமல் நான் கத்தியை எடுக்க முடியாது. இது அதில் நூறில் ஒரு பங்கு கூட இல்லை.

கம்பெனி கேட்கும்வரை நம் கையில் இருப்பது:

கூகுள் போன் ஆப் என்றால், அதன் செட்டிங்ஸில் "இன்கமிங் கால் ஜெஸ்சர்" என்று இருக்கும். அதில் "சிங்கிள் டேப்" வையுங்க. தொட்டால் போதும், இழுக்க வேண்டாம். கை நடுங்குபவர்களுக்கு இது ரொம்ப உதவும். சாம்சங் என்றால் போன் ஆப்பின் செட்டிங்ஸில், வால்யூம் மேல் பட்டனை அழுத்தி கால் எடுக்கும் வசதி உண்டு. கண் தெரியாவிட்டாலும் விரல் அதைக் கண்டுபிடிக்கும். ஐபோனில் ஆக்சஸிபிலிட்டிக்குள் கால் தானாகவே அட்டெண்ட் ஆகும் வசதி இருக்கு, படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு உபயோகம்.

அப்டேட்டை ஆஃப் செய்யாதீங்க. ஆன பிறகு ஒரு வேலை செய்யுங்க. பெரியவர் கையில் போனைக் கொடுத்துவிட்டு, அடுத்த ரூமிலிருந்து கூப்பிடுங்க. அவர் எடுக்கிறாரா என்று பாருங்க. பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்துவிட்டு "கத்துக்கிட்டாங்க" என்று கிளம்பிவிடாதீங்க. மறுநாள் காலையில் மறுபடி ஒரு தடவை கூப்பிடுங்க.

அந்த அம்மா இப்போதும் செக்கப்புக்கு வருகிறார். பொட்டாசியம் போன மாதம் 4.6. பையில் ரெண்டு போன் வைத்திருக்கிறார். பேரன் போட்டோ பார்க்க டச் போன். இன்னொன்று பச்சை பட்டன், சிவப்பு பட்டன் வைத்த பழைய மாடல். ஃபைலில் எந்த நம்பரை எழுதட்டும் என்று கேட்டேன்.

"பட்டன் போன் நம்பரையே எழுதுங்க சார். அது ராத்திரியில மாறாது."