கைராசி இல்லையென்று யார் சொன்னது?



சென்ற மாதம் கத்தரி, மிளகாய் நாற்றுகளைப் பற்றி எழுதியிருந்தேன். இம்முறை கறிக்கு உதவாத ஒரு செடியைப் பற்றி எழுதப்போகிறேன். "சாப்பிட முடியாததை ஏன் வளர்க்க வேண்டும்?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். இதை எழுதத் தூண்டிய ஓர் அக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன்.

வன்னியில் ஒரு கிராமத்துக்கு வீடு வீடாகப் பார்க்கப் போயிருந்தேன். அந்த அக்கா 2009 இல் யுத்தத்தில் கணவரை இழந்தவர். முகாமில் இருந்துவிட்டு, பின்னர் பிள்ளைகளுடன் ஊர் திரும்பியவர். வீட்டுத்திட்ட வீட்டின் விறாந்தையில் ஒரு பால்மா ரின்னுக்குள் மணிப்பிளான்ட் கொடி நின்றது. பாதிக்கு மேல் இலைகள் மஞ்சள். அடித்தண்டு கறுத்துப் போயிருந்தது. நான் அதைப் பார்ப்பதைக் கண்டு அவரே சொன்னார்.

"என்ர கையில ஒண்டும் தங்காது தங்கச்சி. எனக்குக் கைராசி இல்லையெண்டு மாமி அப்பவே சொன்னவ. ஒரு வாழைக்குட்டி நடுறதெண்டாலும் வேற ஆக்களைத்தான் கூப்பிடுவினம்."

அவர் அழவில்லை. இந்த வருடம் மழை குறைவு என்று சொல்வதுபோலச் சொன்னார். கணவரை இழந்த பெண்களை நல்ல காரியங்களில் தள்ளி வைப்பதற்குச் சமூகவியலில் பெரிய பெயர்கள் உண்டு. படித்த காலத்தில் நானும் பரீட்சைக்கு எழுதியிருக்கிறேன். ஒரு ரின்னும் ஒரு கொடியுமாக அதை நேரில் கண்டது அன்றுதான்.

"எவ்வளவு தண்ணி விடுறனீங்கள் அக்கா?" என்று கேட்டேன்.

"காலமை ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா. ஒருநாளும் மறக்கேல்லை."

ரின்னைத் தூக்கினேன். கல்லுப் போலப் பாரம். அடியில் ஒரு துளைகூட இல்லை. சரித்ததும் கறுப்புத் தண்ணீர் வடிந்தது, அழுகல் மணமும் வந்தது. செடியின் வருத்தம் அதுதான். வேருக்கும் காற்று வேண்டும். மண்ணுக்குள் இருக்கும் சிறு இடைவெளிகள் எல்லாம் தண்ணீரால் நிரம்பி, அது வடியவும் வழியில்லாவிட்டால் வேர் மூச்சுத் திணறி அழுகும். அழுகிய வேரால் தண்ணீரை உறிஞ்ச முடியாது. அதனால் நிறைந்த தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி வாடும். வாடுகிறதே என்று நாம் இன்னும் ஊற்றுவோம். கவனமில்லாதவர்களைவிடப் பாசமாகப் பார்ப்பவர்களின் கையில்தான் இந்தச் செடி அதிகம் சாகிறது என்பதை நான் பல வீடுகளில் கண்டிருக்கிறேன்.

மணிப்பிளான்டின் தாயகம் பசுபிக் சமுத்திரத்தில், பிரெஞ்சுப் பொலினீசியாவிலுள்ள மூரியா என்னும் தீவு. அங்கிருந்துதான் உலகமெல்லாம் பரவியது. அடர்ந்த மரங்களின் நிழலில், மரத்தைப் பற்றி ஏறி வளரும் இனம் இது. வீட்டுக்குள் வளர்வதும் அதனால்தான். ஆனால் நிழல் வேறு, இருட்டு வேறு. இருண்ட மூலையில் வைத்தால் இலையிலுள்ள மஞ்சள் கோடுகள் மங்கி வெறும் பச்சையாகும், கொடியும் மெலிந்து நீளும். நேர் வெயிலில் வைத்தால் இலை கருகும். விறாந்தையின் உட்பக்கமோ, யன்னலிலிருந்து ஒரு முழம் தள்ளிய இடமோ போதும். தகரக் கூரைக்குக் கிட்டத் தொங்கவிட வேண்டாம், மத்தியானத்தில் அங்கே நெருப்பாகக் கொதிக்கும். யாழ்ப்பாணத்தில் சோளகக் காற்றும் மட்டக்களப்பில் கச்சான் காற்றும் வீசும் மாதங்களில் காற்று நேரே படாத பக்கமாகத் திருப்பி வையுங்கள்.

தண்ணீருக்கு ஒரே ஒரு கணக்குத்தான். விரலை ஒரு கணு ஆழத்துக்கு மண்ணுக்குள் விட்டுப் பாருங்கள். ஈரம் தெரிந்தால் ஊற்ற வேண்டாம். காய்ந்திருந்தால் அடித்துளையால் வடியும்வரை ஊற்றுங்கள். கோடையில் அடிக்கடி தேவைப்படும், மாரியில் பல நாட்களுக்குத் தேவையே வராது.

இனி, அந்த அக்காவின் செடிக்கு என்ன செய்தோம் என்று சொல்கிறேன். வேரை விட்டுவிட்டோம், அதைக் காப்பாற்ற முடியாது. நுனிப்பக்கம் இன்னும் பச்சையாக இருந்தது. இலைக்காம்பு தண்டோடு சேருமிடத்தில் கணு இருக்கும். அதில் கபிலநிறச் சிறு முளைபோலக் காற்றுவேர் தெரியும். கணுவுக்குச் சற்றுக் கீழே, சுத்தமான கத்தியால் வெட்ட வேண்டும். கணு இல்லாத துண்டு வேர் விட்டாலும் புதுத் தளிர் தராது. இரண்டு இலையுடன் மூன்று துண்டுகள் கிடைத்தன. கணு தண்ணீருக்குள்ளும் இலை வெளியிலும் இருக்கும்படி ஒரு பழைய ஜாம் போத்தலில் வைத்தோம். இரண்டு மூன்று வாரங்களில் வெள்ளை வேர் வரும்.

இவ்விடத்தில் ஒரு கண்டிப்பான வார்த்தை. போத்தலில் நிற்கும் தண்ணீரும், சாடியின் கீழே வைக்கும் தட்டில் தேங்கும் தண்ணீரும் டெங்கு நுளம்புக்குப் பிடித்த இடங்கள். 2017 ஆம் ஆண்டில் மட்டும் இலங்கையில் 1 இலட்சத்து 80 ஆயிரத்துக்கும் அதிகமானோர் டெங்கு நோயாளர்களாகப் பதிவானார்கள். முட்டை நுளம்பாக ஏறக்குறைய ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் போதும். ஆகவே வாரத்தில் இரண்டு தரம் தண்ணீரை மாற்றுங்கள். மாற்றினால் மட்டும் போதாது, போத்தலின் உட்பக்கத்தைத் தேய்த்துக் கழுவவும் வேண்டும். முட்டைகள் சுவரில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடிருக்கும். போத்தலின் வாயைச் சுற்றித் துணித்துண்டு கட்டிவிடுவதும் நல்லது. வாரத்தில் இரண்டு தரம் கழுவ நேரமில்லாதவர்கள் போத்தலில் வளர்க்காமல் மண்ணிலேயே வையுங்கள். தட்டையும் எடுத்துவிடுங்கள்.

கைக்குழந்தை உள்ள வீடுகளில் கைக்கு எட்டாத உயரத்தில் வைப்பது அவசியம். இந்த இலையில் ஊசிபோன்ற நுண்ணிய படிகங்கள் உள்ளன. மென்றால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கும். அப்படி நடந்தால் வாயைத் துடைத்து, கழுவி, வீக்கமோ மூச்சுக் கஷ்டமோ இருந்தால் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். ஆடு, பூனைக்கும் இது கூடாது. வெட்டிய பின் கையைக் கழுவிவிடுங்கள், சிலருக்கு அதன் பால் பட்டால் கடிக்கும்.

வேர் இரண்டு அங்குலம் நீண்டதும் மண்ணுக்கு மாற்றலாம். தோட்டமண், உக்கிய மாட்டெரு, தும்புத்தூள் மூன்றையும் சமமாகக் கலந்தால் நன்றாக வடியும். தும்புத்தூளில் உப்பு இருக்கக்கூடும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிவிட்டுப் பாவியுங்கள். விலை கொடுத்துச் சாடி வாங்க வேண்டியதில்லை. பழைய வாளி, பெயின்ற் ரின் எதுவானாலும் கழுவி, ஆணியால் அடியில் நாலைந்து துளை போட்டால் சரி. கொடியைத் தொங்கவிட்டால் இலை சிறிதாகவே இருக்கும். தென்னந்தும்பு சுற்றிய தடி ஒன்றை ஊன்றி ஏறவிட்டால் இலை பெரிதாகும். மிஞ்சிய கொடியைப் பற்றைக்குள் எறிய வேண்டாம், எறிந்த இடத்தில் வேர்விட்டு மரங்களையே மூடிவிடும்.

களவெடுத்து நட்டால்தான் வீட்டில் காசு வரும் என்றொரு கதையும் உண்டு. அப்படிக் காசு வந்த வீட்டை நான் இன்னும் காணவில்லை. சிறு சாடிகளில் வளர்த்துச் சந்தையில் விற்பவர்கள் இருக்கிறார்கள். கைச்செலவுக்கு உதவும். ஆனால் இதை நம்பிக் கடன் எடுக்காதீர்கள். நுண்கடன் நம் பெண்களைப் படுத்திய பாடு உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஐந்து கிழமை கழித்து மறுபடி அந்த வீட்டுக்குப் போனேன். மூன்று துண்டுகளில் ஒன்று அழுகிவிட்டது. மற்ற இரண்டும் துளை போட்ட அதே ரின்னில் நின்றன. ஒன்றில் சுருண்ட புதுத்தளிர். அக்கா விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்த்து, "இண்டைக்குத் தேவையில்லை" என்றார்.

பிறகு மெல்லச் சிரித்தார். "மாமியும் ஒரு துண்டு கேட்டவ. இன்னும் குடுக்கேல்லை."

"கொடி நீளட்டும் அக்கா. கணு உள்ள துண்டாப் பாத்து வெட்டிக் குடுங்கோ" என்று சொல்லிவிட்டு வந்தேன்.