கும்பகர்ணன் பட்டம் போதுமா?

திருப்பாவையில் ஆண்டாள், எழுந்திருக்காத தோழியைக் கும்பகர்ணனோடு சேர்த்துக் கேலி செய்கிறாள். குறட்டை விடுபவருக்கு ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மற்ற ஊர்களிலும் அந்தப் பட்டம் இன்றும் உண்டு. எனக்கென்னவோ இரவுச் சத்தங்களையெல்லாம் இப்படிச் சிரித்துத் தள்ளுவது ஆபத்தாகப் படுகிறது. குறட்டை சட்டென்று நின்று, 10 விநாடிக்கு மேல் மூச்சே இல்லாமல், பிறகு திணறலோடு ஓர் இழுப்பு வந்தால், தூக்கத்தில் தொண்டை அடைபடுகிறது என்று சந்தேகிக்க வேண்டும். விடியற்காலையில் நெஞ்சுக்குள் விசில் கேட்டால் ஆஸ்துமாவாக இருக்கலாம். படுத்தால் மூச்சு முட்டி, உட்கார்ந்தால் தேவலை என்றால் இதயத்தையும் பார்த்தாக வேண்டும்.

ராஜபாளையத்தில் கூடுதலாக ஒரு கேள்வி உண்டு. 1936-இல் ராஜபாளையம் மில்ஸ் தோன்றியதிலிருந்தே இது நூற்பாலை ஊர். பஞ்சுத் தூசியால் வரும் பிஸினோசிஸ் கொஞ்சம் விசித்திரமானது: வார விடுமுறை முடிந்து வேலைக்குப் போன முதல் நாள் நெஞ்சு இறுகும், இளைக்கும், மறுநாள் தணிந்துவிடும். ‘சளிதான்’ என்று விட்டுவிடத் தோன்றும். வருஷக்கணக்கில் இழுத்தால் எல்லா நாளும் திங்கட்கிழமைதான். சட்டப்படி இது அறிவிக்கப்பட வேண்டிய நோய், தொழில்சார் நோய்ப் பட்டியலிலும் இருக்கிறது. எனவே இருமல் மருந்து எழுதும் முன் டாக்டர், “மில்லில் எந்தப் பிரிவு, ப்ளோ ரூமா, கார்டிங்கா, எத்தனை வருஷம்?” என்று கேட்க வேண்டும். அவர் கேட்காவிட்டால் நாமே சொல்லிவிடலாம். ராத்திரிச் சத்தத்தை வீட்டில் யாராவது செல்போனில் பதிவு செய்திருந்தால் அதையும் போட்டுக் காட்டலாம்.