விமானியா? ஆளில்லா விமானமா?

களத்தில் போரிடும் காலாட்படைக்குத் தாழப் பறந்து துணைசெய்யும் விமானம் இனியும் தேவைதானா? ஆளில்லா விமானமாகிய ட்ரோனே போதாதா? இன்று படைத்துறை வல்லுநர்கள் விவாதிக்கும் வினா இது. "போரைப் பற்றிப் பெண்களுக்கென்ன பேச்சு?" என்று நாம் ஒதுங்கிவிடலாகாது.

அமெரிக்காவின் ஏ-10 விமானம் இப்பணிக்கென்றே படைக்கப்பட்டது. 1972இல் முதன்முதலாகப் பறந்தது. விமானியைச் சுற்றித் தொட்டி போன்ற டைட்டானியக் கவசம் உண்டு. 2003 ஏப்ரல் 7 அன்று, தரைப்படைக்கு உதவச் சென்ற கிம் காம்ப்பெல் என்ற பெண் விமானியின் ஏ-10, பாக்தாத் நகரின் மேல் தாக்கப்பட்டது. ஹைட்ராலிக் அமைப்பு முழுவதும் செயலிழந்தது. அவரோ கலங்காமல், கம்பிவடங்களின் துணைகொண்டு கைவலிமையால் விமானத்தை இயக்கி, பத்திரமாகத் தளம் திரும்பினார். பெண்ணினத்திற்கே பெருமையன்றோ!

ஆயினும் 2022இல் பெரும்போராக மூண்ட உக்ரைன் போர் வேறு பாடம் புகட்டியது. தோளில் வைத்து ஏவும் ஏவுகணைகள் தாழப் பறக்கும் விமானங்களை வீழ்த்தின. விலை மலிந்த சிறு ட்ரோன்கள் டாங்கிகளையே அழித்தன. ட்ரோன் வீழ்ந்தாலும் அதற்காக அழும் தாய் இல்லை. எனவே அதுவே மேல் என்பர் பலர்.

நாம் சற்றுச் சிந்திப்போம். 2021 ஆகஸ்ட் 29 அன்று காபூலில் அமெரிக்க ட்ரோன் ஒரு காரைத் தாக்கியது. மாண்டவர் 10 பேர். அவர்களில் 7 பேர் குழந்தைகள். அது தவறு என்று அமெரிக்கா பின்னர் ஒப்புக்கொண்டது. ஆனால் படையினர் எவரும் தண்டிக்கப்படவில்லை.

விமானி நேரில் சென்றால் தவறே நேராதா? நேரும். 2003 மார்ச் 28 அன்று ஈராக்கில் ஏ-10 விமானங்கள் நட்பு நாடான பிரிட்டனின் கவச வண்டிகளையே தாக்கின. ஒரு வீரர் உயிரிழந்தார். ஆகவே கண் எவருடையது என்பதல்ல கேள்வி. பழியை ஏற்பவர் யார் என்பதே கேள்வி.

தன் வீட்டுப் பிள்ளைக்கு ஆபத்தில்லை என்றால், போர் தொடுக்கும் தலைவருக்குத் தயக்கம் குறையும். இதுவே நம் அச்சம். ட்ரோன்கள் பெருகுவதை நாம் தடுக்க இயலாது. ஆனால், உயிரைப் பறிக்கும் முடிவை இயந்திரத்திடம் விடாமல் மனிதரே எடுக்க வேண்டும். அவர் அதற்குப் பதில் சொல்லவும் வேண்டும். நாளை பொறியாளராகவும் சட்ட வல்லுநராகவும் உயரப்போகும் தோழியரே, இதனை வற்புறுத்துவது நம் கடமையன்றோ?