நாற்காலியின் பிடி

காலை 9 மணிக்கு மேல் காளிகாட் மெட்ரோ நிலையத்தில் கால் வைக்க இடமிருக்காது. 1986-ல் இந்த நிலையம் திறக்கப்படும் முன்பு டிராமையும் பஸ்ஸையும் துரத்திப் பிடித்து டல்ஹௌசிக்குப் போய் வந்த குமாஸ்தாக்களின் பிள்ளைகள் இப்போது குளுகுளு வண்டியில் போய் இறங்கி, லிஃப்டில் ஏறி, கணிப்பொறி முன் அமர்கிறார்கள். அமர்ந்தவர்கள் எழுவது சாப்பாட்டுக்குத்தான். அதுவும் இப்போது மேஜைக்கே வந்துவிடுகிறது. பக்கத்தில் லேக் மார்க்கெட் பகுதி, சுருக்கெழுத்தும் தட்டச்சும் கற்றுக்கொண்டு ரயிலேறி வந்த தமிழர்கள் தலைமுறைகளாகக் குடியிருக்கும் பேட்டை. அவர்களுக்குச் சோறு போட்டதே நாற்காலிதான்.

அந்த நாற்காலி என்ன விலை கேட்கிறது என்பதை முதலில் அளந்து பார்த்தவர்களில் சிலர் இதே வங்காளத்தில்தான் அளந்தார்கள். ஹௌராவை அடுத்த செங்காயிலில் உள்ள லட்லோ சணல் ஆலையில் 213 பேரைப் பற்றிய ஆய்வு 1956-ல் வெளியானது. நடத்தியவர்கள் ஹார்வர்டு பல்கலைக்கழக ஊட்டச்சத்து நிபுணர் ழான் மேயரும் இரண்டு வங்காள ஆராய்ச்சியாளர்களும். நாள் முழுக்கக் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் கடைக்காரர்களில் தொடங்கி, குமாஸ்தா, நெசவாளி, கரி அள்ளுபவர், சணல் கட்டைச் சுமப்பவர் வரை வேலைவாரியாக வரிசைப்படுத்தினார்கள். யார் எவ்வளவு சாப்பிடுகிறார், என்ன எடை என்று குறித்தார்கள்.

கடுமையாக உழைத்தவர்கள் நிறையச் சாப்பிட்டார்கள். எடை ஏறவில்லை. இதில் அதிசயமில்லை. ஆனால் உட்கார்ந்தே இருந்தவர்கள், இலேசான வேலை செய்தவர்களைவிட அதிகம் சாப்பிட்டார்கள், எடையும் அதிகம். அசைவு ஓரளவுக்குக் கீழே போனால் பசிக்குக் கணக்குத் தெரியாமல் போகிறது என்பது மேயரின் முடிவு. கல்லாவில் இருப்பவருக்குக் காசு அதிகம், அதனால் சாப்பாடும் அதிகம் என்று வாதாட இடமுண்டு. ஒரே ஓர் ஆலை, ஒரே ஓர் ஆய்வு. ஆனாலும் எழுபது ஆண்டுகளாக ஊட்டச்சத்து ஆய்வாளர்கள் அதைச் சுட்டிக்காட்டிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

அதற்கு மூன்றாண்டு முன், 1953-ல், லண்டனில் ஜெர்ரி மாரிஸ் மாடி பஸ்களை ஆராய்ந்தார். நாள் முழுக்கப் படியேறி இறங்கிய கண்டக்டர்களைவிட, உட்கார்ந்து ஓட்டிய டிரைவர்களுக்கு மாரடைப்பு கணிசமாக அதிகம்.

அப்படியானால் மாலையில் ரவீந்திர சரோவர் ஏரியைச் சுற்றி நடந்தால் போதாதா? நடப்பது நல்லதுதான். ஆனால் எட்டு மணி நேரம் அசையாமல் இருந்ததை அது முழுக்க ஈடுகட்டுமா என்பதில்தான் சந்தேகம். நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகம் 2023-ல் வெளியிட்ட ஆய்வில், அரை மணிக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் நடந்தவர்களுக்குச் சாப்பாட்டுக்குப் பிந்தைய சர்க்கரை ஏற்றம் 58 சதவீதம் குறைந்தது. ரத்த அழுத்தமும் இறங்கியது. சோதனைக்கு உட்பட்டவர்கள் வெறும் 11 பேர் என்பதால் இதை வேதவாக்காகக் கொள்ள வேண்டாம். ஆனால் இந்தியாவில் சுமார் 10 கோடிப் பேருக்கு நீரிழிவு என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலின் ஆய்வு அதே ஆண்டு சொன்னது. ஐந்து நிமிடம் ஒன்றும் பெரிய செலவில்லை.

மத்திய அரசும் அப்படித்தான் நினைத்தது. ஆயுஷ் அமைச்சகம் 2021 செப்டம்பரில் ஐந்து நிமிட யோகா இடைவேளைக்கென ஒரு செல்போன் செயலியை வெளியிட்டது. அரசு ஊழியர்கள் பயன்படுத்தலாம் என்று சுற்றறிக்கையும் போனது. தாடாசனம், மூச்சுப் பயிற்சி, கொஞ்சம் தியானம். எல்லாம் சரி. அந்த ஐந்து நிமிடம் மணியடிக்கும் தொலைபேசியை யார் எடுப்பது, கவுன்டரில் நிற்கும் வரிசைக்கு யார் பதில் சொல்வது? அதைச் செயலி தீர்க்க முடியாது. மேலதிகாரி முதலில் எழுந்தால்தான் மற்றவர்களுக்கு எழத் துணிவு வரும்.

உட்காரத் துடிப்பவர்களும் இருக்கிறார்கள். ஜவுளிக்கடையில் பத்து மணி நேரம் நின்று புடவை விரித்துப் போடும் பெண்ணுக்கு இடைவேளை என்றால் ஒரு முக்காலிதான். கோழிக்கோட்டுக் கடைப் பெண்களின் போராட்டத்தால் கேரளம் 2018-ல் உட்காரும் உரிமையைச் சட்டமாக்கியது. தமிழகம் 2021-ல் பின்தொடர்ந்தது. முக்காலியை வாங்கிப் போட்டுவிட்டு, உட்கார்ந்தால் முறைக்கும் முதலாளியைச் சட்டம் என்ன செய்யும் என்பது வேறு விஷயம்.

வேலை நடுவே ஓய்வு என்ற யோசனையைப் பரப்பியதில் கல்கத்தாவுக்கே ஒரு பங்குண்டு. 20-ம் நூற்றாண்டின் தொடக்கத்தில், இங்கிருந்து இயங்கிய இந்திய தேயிலைச் சங்கம் ஆலைகளிலும் சுரங்கங்களிலும் டீக்கடை வைக்கவும், டீ குடிக்க நேரம் ஒதுக்கவும் முதலாளிகளைத் தூண்டியது. தொழிலாளி நலனைவிடத் தேயிலை விற்பனை மீதுதான் கண். இருந்தாலும் தொழிலாளிக்குப் பத்து நிமிடம் கிடைத்தது. காளிகாட்டில் இன்றும் மாலை 4 மணிக்கு மண் குவளையில் டீ வாங்க அலுவலகத்திலிருந்து இறங்கி வருகிறவர்கள் நின்றுகொண்டேதான் குடிக்கிறார்கள். அரட்டை முடியும் வரை அவர்களும் அறைக்குத் திரும்புவதில்லை.