'தண்ணி வரணும்': இதை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வீர்கள்?

மேட்டூர் அணை திறந்த பிறகு கீழ்வேளூர்ப் பக்கம் போய், "தண்ணி வந்துடுமா?" என்று யாரையாவது கேட்டுப் பாருங்கள். "வரணும்" என்பார்கள்.

அந்த ஒரு சொல்லில் மூன்று விஷயம் இருக்கிறது. வந்துடும் என்ற எதிர்பார்ப்பு, வந்தால்தான் பயிர் பிழைக்கும் என்ற தேவை, கொடுக்க வேண்டியது அவங்க கடமை என்ற உரிமைக் குரல். நாகை மாவட்டத்துக் கடைமடைக்காரர்களுக்கு மூன்றும் ஒன்றுதான்.

ஆங்கிலம் இதைப் பிரித்து வைக்கிறது. எதிர்பார்ப்புக்கும் அறிவுரைக்கும் 'ஷுட்'. சூழ்நிலை தரும் கட்டாயத்துக்கு 'ஹேவ் டு'. அழுத்தமான கட்டளைக்கு 'மஸ்ட்'. சட்டத்தில் கடமையைக் குறிக்க 'ஷல்'. அனுமதிக்கும் அதிகாரத்துக்கும் 'மே'. "இது ஸ்கூல் கிராமர்தானே" என்று ஸ்க்ரோல் பண்ணிவிடாதீர்கள். காவிரி வழக்கே இந்தச் சொற்களுக்குள்தான் பல வருடம் சிக்கிக் கிடந்தது.

'ஷல்' இருந்தும் ஏன் தாமதம்?

மாநிலங்களுக்கு இடையிலான நதிநீர்த் தகராறு சட்டம் 1956-ல் வந்தது. பேச்சுவார்த்தையில் தீராது என்று மத்திய அரசு கருதினால், நடுவர் மன்றத்தை அமைக்க வேண்டும் என்கிறது அதன் 4-வது பிரிவு. அங்கே இருப்பது 'ஷல்'. ஆனால் முன்னால் ஒரு 'கருதினால்' இருக்கிறதே! தமிழக விவசாயிகள் சங்கம் ஒன்று 1983-லேயே உச்ச நீதிமன்றம் போனது. 1986-ல் தமிழக அரசு முறைப்படி கேட்டது. 1990 மே 4-ல் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகுதான், ஜூன் 2-ல் நடுவர் மன்றம் அமைந்தது.

அடுத்து 6-வது பிரிவு. தீர்ப்பை அரசிதழில் வெளியிட வேண்டும், இங்கேயும் 'ஷல்'. ஆனால் எத்தனை நாளுக்குள் என்று இல்லை. 2007 பிப்ரவரி 5-ல் வந்த இறுதித் தீர்ப்பு, 2013 பிப்ரவரி 19-ல்தான் அரசிதழில் ஏறியது. இடையில் மேல்முறையீடுகள் நிலுவையில் இருந்தன என்பது உண்மை. ஆனாலும் தேதி இல்லாத 'ஷல்' எவ்வளவு இழுபடும் என்பதற்கு இந்த ஆறு வருடமே சாட்சி.

'மே' என்ற சின்னச் சொல்

தீர்ப்பை அமல்படுத்த மத்திய அரசு ஒரு திட்டத்தை உருவாக்கலாம் என்கிறது 1980-ல் சேர்க்கப்பட்ட 6ஏ பிரிவு. இங்கே இருப்பது 'மே'. அரசிதழில் வந்த பிறகும் நிரந்தர ஆணையம் அமையவில்லை. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம், கர்நாடகம் தமிழகத்துக்குத் திறந்துவிட வேண்டிய தண்ணீரை 192 டிஎம்சியிலிருந்து 177.25 ஆகக் குறைத்தது. கூடவே ஆறு வாரத்தில் திட்டத்தை உருவாக்கச் சொன்னது. கெடு முடியும் நேரத்தில் மத்திய அரசு, 'திட்டம்' என்றால் என்ன என்று விளக்கம் கேட்டுப் போனது. காவிரி மேலாண்மை ஆணையம் அறிவிக்கப்பட்டது ஜூன் 1-ல். 'உருவாக்கலாம்' என்பது 'உருவாக்கியே ஆக வேண்டும்' என்று மாற, நீதிமன்றமும் ஒரு தேதியும் தேவைப்பட்டன.

உங்கள் வாட்ஸ்அப்பிலும் இதே கதை

ஊரிலிருந்து அப்பா ஒரு நோட்டீஸை போட்டோ எடுத்து அனுப்பி, "இதுல என்னப்பா போட்டிருக்கு?" என்று கேட்பார். பயிர்க் காப்பீட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். பயிர்க்கடன் வாங்கியவர்களுக்குக் கட்டாயமாக இருந்த பிரதமர் பயிர்க் காப்பீடு, 2020 காரிஃப் பருவத்திலிருந்து விருப்பமாக மாறியது. ஆனால் வேண்டாம் என்றால், கடைசி நாளுக்கு ஏழு நாள் முன்னதாக வங்கியில் எழுதிக் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் பிரீமியம் பிடிக்கப்படும். 'மே'வுக்குள் ஒரு 'மஸ்ட்' ஒளிந்திருக்கிறது, பார்த்தீர்களா?

எதிர்மறையில் இன்னும் கவனம் தேவை. 'மஸ்ட் நாட்' என்றால் செய்யக் கூடாது. 'டோன்ட் ஹேவ் டு' என்றால் செய்ய வேண்டியதில்லை, செய்தாலும் தப்பில்லை. இரண்டையும் 'வேண்டாம்' என்று மொழிபெயர்த்தால், அப்பா தப்பான முடிவு எடுத்துவிடுவார்.

தமிழில் சொல்ல வழியில்லாமல் இல்லை. செய்யலாம், செய்ய வேண்டும், செய்தே ஆக வேண்டும், கூடாது, வேண்டியதில்லை என்று படிப்படியாக நம்மிடம் இருக்கிறது. அரசு, வங்கி அறிவிப்புகளின் தமிழ்ப் பிரதி எல்லாவற்றையும் 'வேண்டும்' என்றே முடிக்கும்போதுதான் குழப்பம் வருகிறது. பள்ளியிலும் இந்தச் சொற்களைக் கோடிட்ட இடமாக மட்டும் நிரப்பச் சொல்லாமல், ஒரு கடன் பத்திரத்தையோ சட்டப் பிரிவையோ கையில் கொடுத்துப் படிக்க வைக்கலாம் என்பது என் கருத்து.

அதுவரை, அடுத்த நோட்டீஸ் வரும்போது மூன்று கேள்வி கேளுங்கள். யார் செய்யணும்? எந்தத் தேதிக்குள்? செய்யாவிட்டால் என்ன ஆகும்? இந்த மூன்றுக்கும் பதில் இல்லாத 'ஷல்', கடைமடைக்கு வராத தண்ணீர் மாதிரி. கணக்கில் மட்டும்தான் இருக்கும்.